ஆறு நூல் இடைவெளி

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரத்துக் காங்கிரஸ் அவென்யூ பாலத்தின் கீழே நின்றபோது என் மாமனார் கேட்ட முதல் கேள்வி இது: "மாப்பிள்ளை, அந்தச் சந்து எத்தனை நூல் இருக்கும்?"

காரைக்குடிப் பக்கத்தில் நாற்பது ஆண்டுகள் தச்சு வேலை பார்த்தவர் அவர். அங்குலத்துக்கு எட்டு நூல் என்ற கணக்கில்தான் எதையும் அளப்பார். 2022 மே மாதம் எங்களோடு சில மாதங்கள் தங்க வந்திருந்தார். சுற்றிலும் கூட்டம் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் கண் மட்டும் பாலத்தின் வயிற்றுப்புறத்தில் இருந்தது. அங்கே கான்கிரீட்டுக்கு நடுவே நீள நீளமாக இடுக்குகள் ஓடுகின்றன. முக்கால் அங்குல அகலம், பதினாறு அங்குல ஆழம் என்று படித்ததைச் சொன்னேன். "அப்படியானால் ஆறு நூல்" என்றார். சற்று நேரத்தில் அந்த ஆறு நூல் சந்துகளிலிருந்து வௌவால்கள் கொட்டத் தொடங்கின. ஆற்றின் மேலே கிழக்குப் பக்கமாகப் புகைக்கோடு போல ஒரு வரிசை நீண்டது. பிறகு இன்னொன்று. இருட்டிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை அது நிற்கவில்லை.

அந்தப் பாலத்தை 1980-இல் புதுப்பித்தபோது யாரும் வௌவாலை நினைத்து இடுக்கு விடவில்லை. மெக்சிகோவிலிருந்து வசந்த காலத்தில் வடக்கே வரும் மெக்சிகன் ஃப்ரீ-டெய்ல்டு வௌவால்கள் அதைக் கண்டுபிடித்துக் குடியேறின. பன்னிரண்டு கிராம் எடையுள்ள சின்ன உயிர். தோலிறகுக்கு வெளியே வால் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் அந்தப் பெயர். ஊர் பயந்தது. வெறிநோய் பரவும் என்று சொல்லி, அவற்றை ஒழிக்க வேண்டுமென்று மனுப் போட்டார்கள். அந்த நேரத்தில்தான் மெர்லின் டட்டில், 1982-இல் மில்வாக்கியில் தாம் தொடங்கிய பேட் கன்சர்வேஷன் இண்டர்நேஷனல் என்ற லாபநோக்கற்ற அமைப்பை 1986-இல் ஆஸ்டினுக்கு மாற்றினார். கையால் தொடாதவரை இவை யாரையும் ஒன்றும் செய்யாது, இரவெல்லாம் பூச்சி பிடித்துத் தின்கின்றன என்று பொறுமையாகப் பேசிப் பேசியே ஊரின் மனத்தை அவரும் அமைப்பும் மாற்றினார்கள். இன்று உச்சக் காலத்தில் 15 லட்சம் வௌவால்கள் வரை அந்தப் பாலத்தில் தங்குகின்றன. விரட்டச் சொன்ன ஊர், மாலைதோறும் பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கிறது.

இவற்றின் இரையில் சோளத்தையும் பருத்தியையும் துளைக்கும் காய்ப்புழுவின் அந்துப்பூச்சிகள் முக்கியமானவை. தென்மத்திய டெக்சஸில் எட்டு கவுண்டிகளின், அதாவது மாவட்டங்களின், பருத்தி வயல்களில் இந்த வௌவால்கள் செய்யும் காவல் வேலையின் மதிப்பு ஆண்டுக்குச் சுமார் 7,41,000 டாலர் என்று 2006-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. மாமாவுக்கு நான் இதைச் சொன்னபோது, "கூலி கேட்காத காவல்காரன்" என்றார்.

பெட்டி செய்யும் எண்ணம் பாலத்தடியில் வரவில்லை. அடுத்த மாதம் எங்கள் தெருவில் நடந்த ஒன்றால் வந்தது. மூன்று வீடு தள்ளி ஒரு வீட்டின் கூரையோர இடுக்கில் வௌவால்கள் இருந்தன. வீட்டுக்காரர் பூச்சி ஒழிப்பு நிறுவனம் ஒன்றை அழைத்தார். அவர்கள் ஒரு பிற்பகலில் வந்து, பெரிய வௌவால்கள் வெளியேற மட்டும் வழி வைத்து, மறுநாள் எல்லா இடுக்கையும் நுரைப்பசையால் அடைத்துவிட்டுப் போனார்கள். அது ஜூன் மாதம். இந்த வௌவால் ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும், அதுவும் ஜூன் தொடக்கத்தை ஒட்டி. குட்டி பறக்க ஐந்து வாரமாவது ஆகும். அடைத்த கூரைக்குள்ளே குட்டிகள் இருந்தன. இரண்டு மூன்று இரவுகள் தாய் வௌவால்கள் அந்தக் கூரையோரத்தில் மோதி மோதித் திரும்பியதை நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். பிறகு நாற்றம் வந்தது. "கதவை அடைக்கும் முன்னால் உள்ளே பிள்ளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?" என்று மாமா கேட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

சரியான முறை என்ன என்பதை அதன் பிறகுதான் படித்தேன். குட்டிக் காலம் முடியும்வரை, அதாவது ஆகஸ்ட் பின்பகுதி வரை, எதையும் அடைக்கக் கூடாது. அதன் பிறகு வெளியே போக மட்டும் முடிகிற குழாய்களை வைத்து, எல்லாம் போய்விட்டதை உறுதி செய்துகொண்டு அடைக்க வேண்டும். அதற்கு முன்னாலேயே பக்கத்தில் மாற்று இடம் ஒன்று கட்டி வைப்பது நல்லது. அந்த மாற்று இடம்தான் வௌவால் பெட்டி. எங்கள் வீட்டுப் பின்புறம் ஓடைக்கரை வரை மரமில்லாத புல்வெளி. தண்ணீர் பக்கத்தில், வானம் திறந்திருக்கிறது. மாமாவிடம் வரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தார்.

"இது பெட்டி இல்லை, மாப்பிள்ளை. அடுக்கி வைத்த சந்து" என்றார்.

அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. பறவைக் கூட்டைப் போல உள்ளே வெற்றிடம் இருந்தால் வௌவால் வராது. முதுகும் வயிறும் இரண்டு பக்கமும் மரத்தில் படுகிற மாதிரி நெருக்கமான இடுக்குதான் அதற்கு வேண்டும். அந்த நெருக்கத்தில் வெப்பம் தங்கும், பாம்புக்கும் ஆந்தைக்கும் நுழைய இடம் இருக்காது, குளவியும் கூடு கட்டத் தயங்கும். முக்கால் அங்குலத்திலிருந்து ஓர் அங்குலத்துக்குள் இடைவெளி இருக்க வேண்டும் என்கிறது அமைப்பின் வழிகாட்டி. இந்த அளவுகள் யாரோ மேசையில் உட்கார்ந்து யோசித்தவை அல்ல. 1993-இல் அந்த அமைப்பு வட அமெரிக்கா முழுவதும் தன்னார்வலர்களைச் சேர்த்து ஒரு பெட்டி ஆய்வைத் தொடங்கியது. வீட்டுக் கொல்லையிலும் பண்ணையிலும் பெட்டி கட்டியவர்கள், என்ன நிறம், எத்தனை மணி வெயில், மரத்திலா சுவரிலா கம்பத்திலா, வௌவால் வந்ததா இல்லையா என்று பல ஆண்டுகள் எழுதி அனுப்பினார்கள். மரத்தில் அடித்த பெட்டிகளைவிடச் சுவரிலும் கம்பத்திலும் வைத்தவற்றில்தான் வௌவால் அதிகம் குடியேறுகிறது என்பது அப்படித் தெரிந்துகொண்டதுதான். ஒரு பெட்டியைச் செய்து, உண்மையை எழுதி அனுப்பிய முகம் தெரியாத அந்த மனிதர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. வராத வௌவாலையும் அவர்கள் குறித்து வைத்தார்கள்.

செப்டம்பர் முழுவதும் கராஜில் வேலை நடந்தது. நான்கு அறைப் பெட்டி. வெளிச்சுவருக்கு அரை அங்குல ப்ளைவுட், நடுத்தடுப்புகளுக்கு மூன்று நூல் ப்ளைவுட், பக்கங்களுக்குச் சீடர் (cedar) மரப் பலகை. மருந்தில் ஊறவைத்த பலகை கூடாது. அந்த மருந்து வௌவாலுக்கு ஆகாது. ஆணி வேண்டாம், துருப்பிடிக்காத திருகாணி மட்டும். உள்ளே உயரம் 24 அங்குலம், அகலம் 16 அங்குலம், பின்பலகை மட்டும் கீழே ஐந்து அங்குலம் கூடுதலாக நீண்டிருக்கும். பறந்து வருகிற வௌவால் முதலில் அந்த நீட்டில் ஒட்டிக்கொண்டுதான் மேலே ஏறும். உயரம் வெறும் இட வசதிக்காக அல்ல. உச்சி சூடாகவும் அடி குளிர்ந்தும் இருப்பதால், தனக்கு ஏற்ற சூட்டைத் தேடி வௌவால் ஏறி இறங்க முடியும். குட்டிக்கு உடம்புச் சூடு போதாது. தாய் இரை தேடப் போன நேரத்தில் பெட்டியின் வெப்பம்தான் அதைக் காக்கிறது.

ப்ளைவுட்டில் எங்களுக்குத் தகராறு வந்தது. கடையில் நேராக இருந்த பலகை, வெட்டி வைத்த இரண்டு நாளில் நடுவில் வளைந்துகொண்டது. ஓரங்களில் முக்கால் அங்குலக் கட்டை வைத்துத் திருகினால், ஓரத்தில் ஆறு நூல், நடுவில் நாலே முக்கால் நூல். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. மாமா மிஞ்சிய சீடரில் ஒரு துண்டை இழைத்து, சரியாக ஆறு நூல் தடிப்பில் ஒரு அளவுக்கட்டை செய்தார். ஒரு முழ நீளம், முனையில் ஒரு துளை, அதில் ஒரு கயிறு. ஒவ்வொரு அறைக்குள்ளும் அதை அடியிலிருந்து உச்சி வரை விட்டு இழுப்பார். எங்கே சிக்குகிறதோ அங்கே பென்சிலால் குறி. பிறகு நடுவில் சிறு முட்டுக்கட்டைகள் இரண்டு வைத்துத் தடுப்பை நேராக்கினோம். முட்டுக்கட்டையை முழு நீளத்துக்கு வைத்தால் அறை இரண்டாகப் பிரிந்துவிடும். அதனால் இரண்டு அங்குல நீளம் மட்டும், ஒன்றுக்கொன்று தள்ளி. மூன்று நாள் இதற்கே போனது. வேறு எந்த வேலையிலும் அவர் இவ்வளவு நேரம் எடுக்கவில்லை.

உள்பக்கம் வழவழப்பாக இருந்தால் வௌவாலால் தொங்க முடியாது. தடுப்புகளில் குறுக்காகக் கீறல் வரிகள் போட வேண்டும், அரை நூல் ஆழம், வரிக்கு வரி இரண்டு முதல் நான்கு நூல். இதற்கு மாற்றாக ஒரு நூல் கண்ணியுள்ள பிளாஸ்டிக் வலையை அடிக்கலாம் என்றும் இருந்தது. ஒரு தடுப்புக்கு நாற்பதுக்கும் மேல் கீறல். "ரம்பத்தாலேயே போட்டுவிடலாம், பொறுமை வேண்டும்" என்றார் மாமா. ஆனால் அக்டோபரில் அவர் ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அவர் போன பிறகு நான் வலையை வாங்கி ஸ்டேப்பிளால் அடித்தேன். ஒரே மாலையில் வேலை முடிந்தது.

வெளி மூட்டுகளுக்கு நீரில் கரையும் அக்ரிலிக் பசை, மேலே மூன்று கோட் பெயிண்ட். நிறம் அடர் பழுப்பு. மிச்சிகனில் இருக்கும் நண்பர் ஒருவரின் பெட்டி அந்த நிறத்தில்தான் இருந்தது. அதில் நிறைய வௌவால். அதைப் பார்த்தே நானும் தேர்ந்தெடுத்தேன்.

கம்பத்துக்குக் குழி தோண்டும் முன் 811 எண்ணை அழைத்தேன். இங்கே அது சட்டம். நிலத்துக்கு அடியில் மின்கம்பியோ எரிவாயுக் குழாயோ போகிறதா என்று வந்து வண்ணத்தில் கோடு போட்டுவிட்டுப் போவார்கள், கட்டணம் இல்லை. எங்கள் எரிவாயுக் குழாய் நான் நினைத்த இடத்திலிருந்து நாலடி தள்ளிப் போனது. இரண்டு அங்குல விட்டமுள்ள 20 அடி இரும்புக் குழாய்கள் இரண்டு, மூன்றடி ஆழக் குழியில் கான்கிரீட் போட்டு, தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்து நிறுத்தினோம். பெட்டியின் அடி தரையிலிருந்து 14 அடி. இந்த வௌவாலுக்கு நீண்டு ஒடுங்கிய இறக்கை. இருந்த இடத்திலிருந்து அப்படியே எழும்பிப் பறக்க முடியாது, விழுந்து வேகம் பிடித்த பிறகுதான் பறக்கும். கீழே பத்தடியாவது வெறும் காற்று வேண்டும். 2023 பிப்ரவரி இறுதியில், மெக்சிகோவிலிருந்து முதல் வௌவால்கள் கிளம்பும் முன், பெட்டி மேலே ஏறிவிட்டது.

அந்த ஆண்டு ஒன்றுகூட வரவில்லை.

ஏப்ரலில் காகிதக் குளவிகள் வந்தன. மே மாதம் முழுவதும் நான் காலையும் மாலையும் கம்பத்தடியில் எச்சம் தேடினேன். ஜூலையில் வெயில் வந்தது. ஆஸ்டினில் 2023 கோடையில் தொடர்ந்து 45 நாள்கள் வெப்பம் 100 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 38 செல்சியஸைத் தொட்டது அல்லது தாண்டியது. பழைய சாதனைகளை எல்லாம் உடைத்த தொடர்ச்சி அது. ஆகஸ்டில் ஏணி வைத்து ஏறி, பெட்டியின் உச்சியிலும் அடியிலும் வெப்பம் பதிக்கும் சிறு சென்சார் இரண்டைக் கட்டினேன். வெளியே நிழலில் 41 டிகிரி இருந்த பிற்பகலில் உள்ளே உச்சியில் 50, அடியில் 46. தாயும் குட்டியும் விரும்பும் வெப்பம் 27 முதல் 38 வரை. நாற்பதைத் தாண்டினாலே குட்டிகள் மூச்சிரைக்கும், தவித்து வெளியே வந்து விழும். வௌவால்கள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது, ஏணியிலிருந்து இறங்கவே எனக்குக் கால் வரவில்லை. மூன்று வீடு தள்ளி நடந்ததை நான் கையால் செய்து கம்பத்தில் ஏற்றி வைத்திருந்தேன்.

வழிகாட்டியை எடுத்து மறுபடி வரி வரியாகப் படித்தேன். நிறம் ஊரைப் பொறுத்தது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. ஜூலை மாதச் சராசரி உச்ச வெப்பம் 29 டிகிரிக்குக் கீழே உள்ள ஊரில் கறுப்பு, 29-க்கும் 35-க்கும் இடையே நடுத்தரம் முதல் அடர் நிறம் வரை, 35-க்கு மேல் வெளிர் நிறம், 38-ஐயும் தாண்டினால் வெள்ளை. ஆஸ்டினில் அது சுமார் 36. மிச்சிகன் பெட்டிக்கு அடர் நிறம் உயிர். இங்கே அதே நிறம் அடுப்பு. வெப்ப ஊர்களுக்குக் காற்றுத் துளையும் கட்டாயம். முன்பலகையின் அடியிலிருந்து ஆறு அங்குல உயரத்தில் குறுக்காக அரை அங்குலப் பிளவு விட வேண்டும். நான் போட்ட பிளவை என் கையாலேயே பெயிண்ட் அடைத்திருந்தது.

டிசம்பரில் பெட்டியை இறக்கினேன். வௌவால் வராத பெட்டியை இறக்குவதில் சிக்கல் இல்லை. வந்துவிட்ட பெட்டியைத் தொடுவதென்றால் அவை தெற்கே போன பிறகு, உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்த பிறகுதான். மேசைமேல் கிடத்தி, மாமாவை வீடியோ அழைப்பில் கூப்பிட்டேன். "கட்டையை விட்டுப் பார்" என்றார். அளவுக்கட்டையைக் கயிற்றோடு உள்ளே விட்டேன். முதல் அறையிலேயே பாதியில் நின்றது. வெயிலில் வலை தளர்ந்து, ஸ்டேப்பிள் பிடுங்கிக்கொண்டு, வயிறு போலத் தொங்கியிருந்தது. ஆறு நூல் சந்து மூன்று நூலாகச் சுருங்கியிருந்தது. தளர்ந்த வலையில் வௌவாலின் விரல் சிக்கினால் மீளாது. அதைப் பற்றிய எச்சரிக்கையும் நான் வேகமாகப் புரட்டிய பக்கத்தில்தான் இருந்தது. நீண்ட நேரம் மாமா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "கழற்று. நான் இருக்கிறேன், ஒவ்வொன்றாகக் கீறலாம்" என்றார்.

அவருக்கு அங்கே விடிகாலை, எனக்கு இரவு. பதினொரு இரவுகள் அப்படிப் போயின. மூலைமட்டம் வைத்துக் கோடு கிழித்து, கை ரம்பத்தால் அரை நூல் ஆழத்துக்கு ஒவ்வொரு கீறலாகப் போட்டேன். நான் அவசரப்பட்டு ஆழமாக இழுத்தால் ரம்பத்தின் சத்தத்திலேயே அவர் கண்டுபிடித்தார். மூன்று நூல் ப்ளைவுட்டில் கீறல் ஆழமானால் மேல் படலம் பெயர்ந்துவிடும். பெயர்ந்த ஒரு தடுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டினேன். அந்தக் குளிர்காலத்தில் இரண்டாவது பெட்டி ஒன்றும் செய்தேன். கம்பத்தில் இரண்டு பெட்டிகளை முதுகோடு முதுகாக வைத்து, நடுவிலும் முக்கால் அங்குலம் விட்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை போட வேண்டும். ஒன்று கிழக்கு வெயில் வாங்கும்போது மற்றது நிழலில் இருக்கும். நடுச்சந்தும் ஓர் அறையாகும், அதுதான் எல்லாவற்றிலும் குளிர்ச்சி. தகரம் சுட்டால் உச்சி கொதிக்கும் என்பதால் தகரத்துக்கும் பெட்டிக்கும் இடையே இரண்டு அங்குலக் காற்று வழி விட்டோம். நிறம் சந்தன வெளிர். பிளவுகளைப் பெயிண்ட் காய்வதற்குள் தகட்டால் சுரண்டித் திறந்தேன்.

கம்பத்தில் ஐந்தடி உயரத்தில் மூன்றடி நீளத் தகடு சுற்றினேன். இந்த ஊரில் மரமேறும் பாம்பு உண்டு, நம் ஊர்ச் சாரையைப் போல எலி தின்னி. வழவழப்பான குழாயிலும் அது ஏறிவிடும் என்று பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னார். தகடு அகலமாக இருந்தால் அதற்குச் சுற்றிப் பிடிக்க வராது.

2024 ஏப்ரல் 9, காலை. கம்பத்தடியில் நான் விரித்திருந்த வெள்ளைத் துணியில் அரிசியளவில் நான்கைந்து கறுப்புத் துணுக்குகள். எலிப்புழுக்கையும் அப்படித்தான் இருக்கும். கையுறையோடு ஒன்றை எடுத்து நசுக்கினேன். பொடிந்தது. பொடிக்குள் பளபளவென்று பூச்சிச் சிறகின் துகள். எலிப்புழுக்கை பொடியாது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், மாமாவுக்குப் படம் அனுப்பினேன். காரைக்குடியில் அப்போது இரவு ஒன்பது மணி. உடனே அழைத்தார். எச்சத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட குடும்பம் உண்டா தெரியவில்லை.

அந்த ஜூலையில் மாலை எண்ணிக்கையில் 37 வந்தது. சென்சாரில் வெளியே 38 இருந்த நாளில் உச்சியில் 39, அடியில் 36, நடுச்சந்தில் 35. வௌவால்கள் பிற்பகலில் நடுச்சந்துக்கு இறங்கி வருகின்றன என்பதைக் கீழே விழும் எச்சத்தின் இடத்தை வைத்தே சொல்லிவிடலாம். டார்ச் அடித்துப் பார்ப்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம். துணி போதும்.

ஜூன் கடைசியில் ஒருநாள் குட்டி ஒன்று புல்லில் கிடந்தது. மகள் ஓடிப்போய் எடுக்கப் பார்த்தாள். அவளைத் தடுத்தது நல்லது. வெறிநோய் உள்ள வௌவால் மிக மிகக் குறைவுதான், ஆனால் எது என்று பார்வையில் தெரியாது, பல் பட்ட தடமும் தெரியாமல் போகலாம். வெறுங்கையால் வௌவாலைத் தொடவே கூடாது. தொட்டுவிட்டால், கடித்துவிட்டால், கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போய்த் தடுப்பூசி போட வேண்டும். தடித்த கையுறையோடு, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் ஒரு பருத்தித் துணியோடு வைத்து, உரிமம் பெற்ற வனவிலங்குப் பராமரிப்பாளர் ஒருவரை அழைத்தேன். அவர் ஒரு மணி நேரத்தில் வந்து வாங்கிக்கொண்டார்.

அதே கோடையில் அமைப்பின் உறுப்பினர்களோடு பிராக்கன் குகைக்குப் போனேன். சான் அன்டோனியோவுக்கு வடகிழக்கே புதர்க்காட்டுக்கு நடுவில், தரை உள்வாங்கிய ஒரு பள்ளத்தின் ஓரத்தில் குகை வாய். முதலில் வருவது வாசம். அம்மோனியா மூக்கைப் பிடிக்கும். உள்ளே ஒன்றரைக் கோடிக்கும் மேல் வௌவால்கள், உலகிலேயே மிகப் பெரிய கூட்டம். குகைச் சுவரில் ஒரு சதுர அடிக்குள் ஐந்நூறு குட்டிகள் வரை நெருங்கித் தொங்கும். அந்த நெருக்கத்திலும் குரலையும் மணத்தையும் வைத்துத் தாய் தன் குட்டியைத் தேடிப் பிடிக்கிறது. மாலை ஏழரைக்கு அவை குகை வாயில் சுழலத் தொடங்கின. சுழல் மெல்ல மெல்ல உயர்ந்து, காட்டுக்கு மேலே எழும்பி, தெற்கே சாய்ந்து ஓடியது. இறக்கைக் காற்று முகத்தில் பட்டது. இந்த எழுச்சி வானிலை ரேடாரிலேயே மேகம் போலத் தெரியும்.

இந்தக் குகையின் பக்கத்தில் 1,521 ஏக்கர் நிலத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டத் திட்டம் இருந்தது. ஒவ்வோர் இரவும் அத்தனை வௌவால்களும் அந்தக் கூரைகளின்மேல்தான் பறந்திருக்கும். அத்தனை விளக்கொளி, அத்தனை கூரையிடுக்கு. பிறகு எங்கள் தெருவில் நடந்தது ஆயிரம் வீட்டில் நடந்திருக்கும். பேட் கன்சர்வேஷன் இண்டர்நேஷனல், நேச்சர் கன்சர்வன்சி, சான் அன்டோனியோ நகராட்சி எல்லோரும் சேர்ந்து 2014-இல் சுமார் 2 கோடி டாலர் திரட்டி அந்த நிலத்தையே வாங்கிவிட்டார்கள். பிராக்கனில் நின்றபோது எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. இதே அமைப்பு கைவிடப்பட்ட சுரங்க வாய்களில் வௌவால் போக மனிதன் போக முடியாத இரும்புக் கம்பிக் கதவு வைக்கிறது, தேன் குடிக்கும் வௌவால்களுக்காகத் தென்மேற்குப் பாலையில் கற்றாழை போன்ற அகேவ் செடி நடுகிறது. ருவாண்டாவின் நியுங்வே காட்டில் நாற்பது ஆண்டுகளாக யாரும் பார்க்காத ஹில் குதிரைலாட வௌவாலை அதன் ஆய்வாளர்கள் 2019-இல் கண்டுபிடித்தார்கள். நியூயார்க் மாநிலத்துக் குகை ஒன்றில் 2006 குளிர்காலத்தில் முதன்முதலில் தென்பட்ட வெண்மூக்கு நோய், குளிரில் உறங்கும் இன வௌவால்களை லட்சக்கணக்கில் கொன்றுவிட்டது. அதற்கும் இவர்கள் மருந்தும் வழியும் தேடுகிறார்கள். எங்கள் கம்பத்தில் தங்கும் இனம் குளிர்காலம் முழுவதும் உறங்காமல் தெற்கே போவதால் இதுவரை தப்பித்திருக்கிறது.

2025 மே மாதம் மாமா மறுபடி வந்தார். விமானக் களைப்போடு நேராகப் பின்புறம் போய்க் கம்பத்தடியில் நின்றார். "வௌவால் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நீயும் தொங்கு, நானும் தொங்கு என்பார்கள். நமக்கு நாற்காலி போடு" என்றார். அன்றிலிருந்து மாலைதோறும் இரண்டு நாற்காலி.

எச்சத்தை வாரம் ஒருமுறை நான் அள்ளுகிறேன். தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டு. காய்ந்த தூளை மூச்சில் இழுத்தால் அதில் வளரும் பூஞ்சை நுரையீரலைக் கெடுக்கலாம். அள்ளியதில் ஒரு பிடி முருங்கைக்கு. அதற்கு மேல் போட்டால் வேர் வெந்துவிடும் என்பது மாமாவின் கணக்கு, கறிவேப்பிலைச் செடியில் நான் அதைச் சோதித்தும் பார்த்துவிட்டேன்.

குளவிகளை இப்போது பிப்ரவரியிலேயே, கூடு விரலளவு இருக்கும்போதே, நீளக் குச்சியால் எடுத்துவிடுகிறேன். தகரக் கூரையின் ஒரு மூலை ஆலங்கட்டி மழையில் நெளிந்திருக்கிறது, இந்த டிசம்பரில் மாற்ற வேண்டும். கிழக்குப் பெட்டியின் மூன்றாம் அறையில் அளவுக்கட்டை அடியில் லேசாகச் சிக்குகிறது. அதையும் அப்போதுதான் இழைக்க முடியும். மூன்றாவதாக ஒரு பெட்டியை வீட்டுச் சுவரில், பிற்பகல் நிழல் விழும் வடகிழக்கு மூலையில் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். 2023 போல இன்னொரு கோடை வந்தால், வெளிர் நிறமும் நடுச்சந்தும் போதாமல் போகலாம். குட்டிகளை மார்பில் சுமந்துகொண்டு தாய் இடம் மாற வேண்டுமென்றால், மாற ஓர் இடம் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கான சீடர் பலகையை மாமா ஏற்கெனவே கராஜில் சாய்த்து வைத்துவிட்டார். மேலே, ஆணியில், கயிற்றோடு அளவுக்கட்டை.

வௌவால்களை எண்ணுவதற்கு நான் கையில் பிடித்து அழுத்தும் எண்ணி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மாமா பத்துக்கு ஒரு புளியங்கொட்டையை இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றுவார். ஜூன் 20 அன்று எட்டே முக்காலுக்கு முதல் வௌவால் பெட்டியடியிலிருந்து கல்லைப் போல விழுந்து, பாதி வழியில் இறக்கை விரித்து ஓடைப் பக்கம் போனது. ஒன்பதே காலுக்குக் கடைசி. என் எண்ணியில் 168. மாமா வலது பையிலிருந்து கொட்டைகளை எடுத்து மடியில் போட்டு எண்ணினார். பதினாறு, அதற்கு மேல் விரலில் ஒன்பது.

"குட்டிகளும் பறக்கத் தொடங்கினால்?" என்றார்.

"ஜூலை இரண்டாம் வாரத்தில் தொடங்கும், மாமா."

அவர் எழுந்து, இன்னொரு பிடி புளியங்கொட்டை எடுத்து வரச் சமையலறைக்குப் போனார்.